சின்ன டர்போவா, பெரிய வி8-ஆ? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெட்ராய்ட் பக்கம் குடிவந்து பதினான்கு வருடம் ஆகிறது. எஞ்சின் சோதனைக் கூடத்தில் வேலை என்பதால், பொங்கல் விழாவின் சாப்பாட்டு வரிசையிலும் பிள்ளைகளை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டுக் காத்திருக்கும் இடத்திலும் ஊரிலிருந்து வரும் வாட்ஸ்அப் அழைப்பிலும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள் வருகின்றன. 2 லிட்டர் எஞ்சினே 400 குதிரைத்திறன் தரும்போது இந்த அமெரிக்கர்கள் ஏன் 6 லிட்டரையும் 7 லிட்டரையும் விடமாட்டேன் என்கிறார்கள்? எதை வாங்குவது? எது உழைக்கும்? நின்றபடி பதில் சொன்னால் பாதிதான் போய்ச் சேருகிறது, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

மஸில் கார் என்றால் எது? பெரிய எஞ்சின் இருந்தாலே மஸில் காரா?

இல்லை. நடுத்தர அளவுள்ள சாதாரணக் குடும்பக் காரில் அதன் உடம்புக்கு மீறிய வி8 எஞ்சினை (வி வடிவில் எட்டு சிலிண்டர்) இறக்கி, வேலைக்குப் போகத் தொடங்கிய இளைஞன் தவணையில் வாங்குகிற விலையில் விற்றால் அது மஸில் கார். இதற்கு முன்னோடிகள் உண்டு என்றாலும், பெரும்பாலானவர்கள் கைகாட்டுவது 1964-ல் வந்த போன்டியாக் ஜிடிஓவை.

அது வந்த கதையும் நன்றாக இருக்கும். நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் (61 கன அங்குலம் ஒரு லிட்டர், ஆக சுமார் 5.4 லிட்டர்) எஞ்சின் போடக்கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸுக்குள் ஒரு விதி இருந்தது. போன்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவருடைய ஆட்கள் பில் காலின்ஸ், ரஸ் கீ இருவரும் 389 கன அங்குல எஞ்சினை, அதாவது 6.4 லிட்டரை, டெம்பெஸ்ட் என்ற நடுத்தரக் காரில் பொருத்திப் பார்த்தார்கள். டெம்பெஸ்டில் ஏற்கெனவே இருந்த எஞ்சினுக்கும் இதற்கும் வெளியளவு ஒன்றே என்பதால் சிக்கலில்லாமல் உட்கார்ந்தது. புது மாடல் என்று சொன்னால் மேலிடத்தில் அனுமதி கேட்க வேண்டும், எனவே இருக்கிற காருக்கே ஒரு கூடுதல் ஆப்ஷன் என்று பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். விற்பனை எகிறியது. பிறகு எல்லா கம்பெனிகளும் அந்த வழியில் இறங்கின: 1966-ல் கிரைஸ்லர் தன் 426 ஹெமி பந்தய எஞ்சினைச் சாலைக் கார்களிலும் கொடுத்தது (7 லிட்டர், 425 குதிரைத்திறன், யானை என்று பட்டப்பெயர்), 1970-ல் ஷெவர்லே ஷெவெல் காரில் 454 எல்எஸ்6 எஞ்சின் 450 குதிரைத்திறனோடு வந்தது.

சின்ன எஞ்சின் எப்படிப் பெரிய எஞ்சின் அளவுக்குச் சக்தி தருகிறது?

இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எஞ்சின் என்பது காற்றுப் பம்பு. பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் உள்ளே பீய்ச்சலாம், ஆனால் ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஆகவே அத்தனை காற்றை உள்ளே கொண்டுபோவதுதான் முழுப் பாடு. கிணற்றில் இறைப்பது மாதிரி: பெரிய வாளியை விட்டு நிதானமாகவும் இறைக்கலாம், சின்ன வாளியை விட்டுக் கை ஓயாமலும் இறைக்கலாம், வந்து சேரும் தண்ணீர் ஒன்றுதான்.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தன் முழுக் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கிறது. 7 லிட்டர் எஞ்சின், ஆக்சிலரேட்டர் முழுக்கத் திறந்திருக்க, 2,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 2,000 சுற்று) சுற்றினால் நிமிடத்துக்கு 7,000 லிட்டர் காற்று. 2 லிட்டர் எஞ்சின் அதே 7,000 லிட்டரை இழுக்க 7,000 ஆர்பிஎம் வரை போக வேண்டும். அதே 2 லிட்டரில் டர்போ (வெளிப்போகும் புகையால் சுழன்று காற்றை அழுத்தும் விசிறி) வைத்துக் காற்றை இரண்டு மடங்கு நெருக்கி அனுப்பினால் 3,500 ஆர்பிஎம் போதும். காற்றுக்கு எடையே இல்லை என்று நினைப்போம், ஆனால் இந்த 7,000 லிட்டரின் எடை எட்டு கிலோவுக்கு மேல். ஒரு நிமிடத்தில் எட்டு கிலோ காற்றை விழுங்கி வெளியே தள்ளுகிறது.

மூன்று வழிக்கும் தனித்தனி விலை உண்டு.

வேகமாகச் சுற்றினால் உராய்வும், பாகங்கள் மேல் விழும் விசையும் ஏறும். அந்த விசை சுழற்சி வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், வேகம் இரட்டிப்பானால் விசை நான்கு மடங்கு. 1999-ல் வந்த ஹோண்டா எஸ்2000 காரின் எஃப்20சி எஞ்சின் 9,000 ஆர்பிஎம் வரை போகும். அந்த வேகத்தில் பிஸ்டன் ஒரு வினாடிக்குள் 300 முறை முழுசாக நின்று, திசை மாறி, மறுபடி ஓடுகிறது, சராசரி வேகம் வினாடிக்கு 25 மீட்டர். இதைத் தெருவில் விற்கும் காரில், வாரன்டியோடு கொடுத்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மரியாதைதான் வருகிறது.

டர்போவின் விலை சூடு. காற்றை நெருக்கினால் சூடாகும் (சைக்கிள் பம்பின் அடியைத் தொட்டுப் பாருங்கள்), சூடான காற்றில் பெட்ரோல் நேரத்துக்கு முன்பே தானாக வெடிக்கப் பார்க்கும், அதுதான் நாக்கிங். அதைத் தடுக்க இன்டர்கூலர் (நெருக்கிய காற்றைக் குளிரவைப்பது), நேரடி இன்ஜெக்‌ஷன், நுணுக்கமான கணினிக் கட்டுப்பாடு எல்லாம் வேண்டும்.

பெரிய எஞ்சினின் விலை எடையும், சும்மா ஓடும்போது விழுங்கும் பெட்ரோலும். அந்த 426 ஹெமி முழுக்க வார்ப்பிரும்பு, 380 கிலோவை ஒட்டி வரும்.

குதிரைத்திறன் ஒன்றாக இருந்தும் வி8 ஏன் வேறு மாதிரி இழுக்கிறது?

டார்க், அதாவது முறுக்கு விசை, எந்த ஆர்பிஎம்மில் கிடைக்கிறது என்பதில்தான் வித்தியாசம். குதிரைத்திறன் என்பது டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி ஒரு மாறிலியால் வகுப்பதுதான் (நியூட்டன் மீட்டரில் கணக்கிட்டால் சுமார் 7,120). எஸ்2000-க்கு அதிகபட்ச டார்க் 208 நியூட்டன் மீட்டர், அதுவும் 7,500 ஆர்பிஎம்மில். 240 குதிரைத்திறன் கிடைப்பது 8,300-ல். 1997-ல் வந்த ஷெவர்லே கார்வெட்டின் எல்எஸ்1 எஞ்சின் 5.7 லிட்டர், 345 குதிரைத்திறன், 475 நியூட்டன் மீட்டர் 4,400-ல், அதன் பெரும்பகுதி 2,000-க்குக் கீழேயே வந்துவிடும்.

இரண்டையும் ஓட்டியிருக்கிறேன். எஸ்2000-ல் மூன்றாவது கியரில் 2,500 ஆர்பிஎம்மில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் சாதாரண சின்னக் கார் மாதிரிதான் போகும், ஏமாற்றமாகக்கூட இருக்கும். முள் 6,000-ஐ நெருங்கும்போது கேம்ஷாஃப்டின் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) இன்னொரு முகடு வால்வைப் பிடித்துக்கொள்ளும் (விடெக் என்பது அதுதான்), சத்தமே மாறிப்போகும், அப்புறம் 9,000 வரை நிறுத்தாமல் இழுக்கும். அந்த இடத்துக்குப் போகக் கியரைக் கீழே தட்டித் தட்டி ஓட்ட வேண்டும், அந்த வேலையே பலருக்குப் பிடிக்கும். கார்வெட்டில் நான்காவது கியரில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது காலைக் கொஞ்சம் அழுத்தினால் போதும், கியரைத் தொடவே வேண்டாம், பின்னாலிருந்து யாரோ ஒரே சீராகத் தள்ளுவது மாதிரி இருக்கும்.

நவீன டர்போ இந்த இடைவெளியை ரொம்பவே குறைத்துவிட்டது. மெர்சிடஸ் ஏஎம்ஜியின் எம்139 எஞ்சின் 2 லிட்டர் நான்கு சிலிண்டர், 2019-ல் ஏ45 எஸ் காரில் வந்தபோது 421 குதிரைத்திறன், 500 நியூட்டன் மீட்டர், அந்தக் கார்வெட்டைவிட இரண்டிலும் அதிகம். ஆனாலும் காலை வைத்த நொடிக்கும் டார்க் வந்து சேரும் நொடிக்கும் நடுவில் ஒரு சின்னக் காத்திருப்பு இருக்கும். டர்போவுக்குச் சுழல வெளிப்போகும் புகை வேண்டும், புகை வர முதலில் எஞ்சின் காற்றைக் குடித்திருக்க வேண்டும். இப்போது டர்போவின் அச்சிலேயே மின்மோட்டார் வைத்து இதையும் குறைக்கிறார்கள்.

லிட்டருக்கு 200 குதிரைத்திறன் என்றால் அது சிறந்த எஞ்சின் தானே?

இந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது. லிட்டருக்கு எத்தனை குதிரைத்திறன் என்பது வரிக்கணக்குக்கு உதவும் எண். காரை ஓட்டுகிறவர் லிட்டரைச் சுமப்பதில்லை, எஞ்சினின் எடையைச் சுமக்கிறார், அது அடைக்கும் இடத்தைச் சுமக்கிறார், அது குடிக்கும் பெட்ரோலுக்குக் காசு கொடுக்கிறார். கொள்ளளவு என்பது சிலிண்டருக்குள் இருக்கும் வெற்றிடத்தின் அளவு. வெற்றிடத்துக்கு ஏது எடை?

அந்த எண் இவ்வளவு மதிப்புப் பெற்றதற்குக் காரணம் சட்டம். ஜப்பானில் ஆண்டுதோறும் கட்டும் கார் வரி கொள்ளளவைப் பார்த்து ஏறும்: புதிதாகப் பதிவாகும் 2 லிட்டர் காருக்கு 36,000 யென், 6 லிட்டரைத் தாண்டினால் 1,10,000 யென். இத்தாலியில் ஒரு காலத்தில் 2 லிட்டரைத் தாண்டிய காருக்கு விற்பனை வரி ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதற்காகவே ஃபெராரி 2 லிட்டர் வி8 செய்து 208 என்று விற்றது, 1982-ல் அதற்கு டர்போவும் வைத்தது. லிட்டருக்கு வரி போட்டால் பொறியாளர் லிட்டரைத்தான் பிழிவார். அந்த நெருக்கடியில்தான் ஹோண்டா 1989-ல் 1.6 லிட்டரில் 160 குதிரைத்திறன் எடுத்தது, உலகம் விடெக் என்ற சொல்லைக் கற்றுக்கொண்டது. அற்புதமான வேலை, சந்தேகமே இல்லை.

அமெரிக்காவில் அப்படி வரி இல்லை, பெட்ரோலும் மலிவு, சாலை நீளம். அங்குள்ள பொறியாளருக்கு வேண்டிய சக்தியை எட்டச் சுலபமான வழி சிலிண்டரைப் பெரிதாகத் துளைப்பது. அவரிடம் திறமை இல்லை என்று இதற்கு அர்த்தம் வராது. 2006-ல் கார்வெட்டுக்கு வந்த எல்எஸ்7 எஞ்சின் 7 லிட்டர், 505 குதிரைத்திறன், லிட்டருக்கு 72-தான். அதன் எடை 206 கிலோவை ஒட்டி, டைட்டானியத்தில் கனெக்டிங் ராடும் இன்டேக் வால்வும். மேலே சொன்ன எம்139-க்கு மெர்சிடஸ் சொன்ன எடை 160.5 கிலோ. ஒன்று மற்றொன்றைப்போல மூன்றரை மடங்கு கொள்ளளவு, எடையிலோ முப்பது சதவீதம்கூட வித்தியாசம் இல்லை.

புஷ்ராட் என்பது தாத்தா காலத்து டெக்னாலஜி இல்லையா?

வயதில் பழசுதான், மேலே சொன்ன எல்எஸ் எஞ்சின்கள் எல்லாம் இந்த வகை. கேம்ஷாஃப்ட் ஒன்றே ஒன்று, வி வடிவத்தின் மடியில் உட்கார்ந்திருக்கும், அதிலிருந்து நீளமான கம்பிகள் (அவைதான் புஷ்ராட்) மேலே போய் வால்வைத் திறக்கும், சிலிண்டருக்கு இரண்டு வால்வு. நவீன எஞ்சின்களில் கேம்ஷாஃப்ட் சிலிண்டர் தலைக்கு மேலே இருக்கும், வி8 என்றால் மொத்தம் நான்கு, 32 வால்வு. நான்கு வால்வு நன்றாக மூச்சுவிடும், உயர் ஆர்பிஎம்மில் கம்பி வளைகிற தொல்லை இல்லை.

ஆனால் தலைக்கு மேல் ஏறிய அந்தக் கேம்ஷாஃப்டுகள் இடத்தை அடைக்கும். ஃபோர்டின் நான்கு கேம்ஷாஃப்ட் 5 லிட்டர் வி8-ஐயும் ஷெவர்லேயின் 7 லிட்டர் புஷ்ராடையும் பக்கத்தில் பக்கத்தில் தரையில் வைத்துப் பார்த்தால் 5 லிட்டர்தான் அகலமாக இருக்கும். முதல் முறை பார்க்கும் பொறியியல் மாணவர்கள் எது எது என்று மாற்றிச் சொல்வதை நான் பார்த்திருக்கிறேன். மாஸ்டா மியாட்டா மாதிரி குட்டிக் காரில்கூட எல்எஸ் எஞ்சினை நுழைத்து ஓட்டுகிறார்கள் என்றால் இந்த ஒல்லியான உடம்புதான் காரணம்.

அதே ஷெவர்லே 2023 கார்வெட் இசட்06-க்கு எல்டி6 செய்தது: 5.5 லிட்டர், நான்கு கேம்ஷாஃப்ட், 8,600 ஆர்பிஎம் வரை போகும், டர்போ இல்லாமல் 670 குதிரைத்திறன், லிட்டருக்கு 122. எஸ்2000 எடுத்த அளவை 5.5 லிட்டரில் எடுத்துவிட்டார்கள். சின்ன எஞ்சின் என்றால் நுட்பம், பெரிய எஞ்சின் என்றால் வெறும் அளவு என்ற பிரிவே அங்கே கரைந்துபோகிறது.

பழைய விளம்பரங்களில் போட்ட 425, 450 குதிரைத்திறன் எல்லாம் நிஜமா?

அளந்த முறை வேறு. 1971 வரை அமெரிக்காவில் எஞ்சினைத் தனியாக மேடையில் வைத்து, சைலன்சர், ஆல்டர்னேட்டர் போன்றவற்றின் பாரம் இல்லாமல் அளந்த எண்ணைப் போட்டார்கள், அது கிராஸ் கணக்கு. 1972-லிருந்து காரில் இருக்கிறபடியே எல்லாவற்றையும் மாட்டி அளந்தார்கள், அது நெட். இடையில் 1971-ல் ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டையும் சேர்த்தே வெளியிட்டது, அந்த ஆண்டுக் கார்வெட்டின் ஒரு 454 எஞ்சினுக்கு 365 கிராஸ், 285 நெட். ஆக, இன்றைய எண்ணோடு ஒப்பிட வேண்டுமானால் கால் பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள். மறுபக்கம், இன்சூரன்ஸ் கம்பெனிகள் சக்தி கூடினால் கட்டணத்தைக் கூட்டியதால் வேண்டுமென்றே குறைத்துப் போட்ட எண்களும் உண்டு, ஷெவர்லே கமாரோ இசட்/28-ன் 290 அப்படிப்பட்டது என்பார்கள்.

அப்புறம் எல்லாம் சேர்ந்து வந்தது. 1970-ல் காற்றுத் தூய்மைச் சட்டம், ஈயம் கலந்த பெட்ரோலுக்கு விடைகொடுக்க 1971-லேயே குறைக்கப்பட்ட கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் கலவையை நெருக்கும் அளவு), 1973 அக்டோபரில் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை. காடிலாக் எல்டொராடோவின் 8.2 லிட்டர் எஞ்சின் 1970-ல் 400 கிராஸ், 1976-ல் அதே 8.2 லிட்டர் 190 நெட். லிட்டருக்கு 23. பெரிய எஞ்சின் என்றால் மந்தம் என்று பலர் மனதில் பதிந்திருக்கும் படம் இந்தக் காலத்துடையது, 1960-களுடையதும் இல்லை, இன்றையதும் இல்லை.

அந்தக் காலத்து மஸில் காரை இன்றைய நான்கு சிலிண்டர் தோற்கடிக்குமா?

நேர்கோட்டில் சமம், மற்ற எல்லாவற்றிலும் தோற்கடிக்கும். ஷெவெல் எல்எஸ்6 அன்றைய பத்திரிகைச் சோதனைகளில் கால் மைலை 13-லிருந்து 14 வினாடிக்குள் ஓடியது. 2015 மஸ்டாங்கின் 2.3 லிட்டர் டர்போ, 310 குதிரைத்திறன், அதுவும் 14 வினாடியை ஒட்டித்தான். ஆனால் 1970-ன் டயர் ஒல்லி, பிரேக்கும் ஸ்டீயரிங்கும் இன்று ஓட்டிப் பார்க்கும் யாருக்கும் பயம் தரும்.

மைலேஜில் சின்ன எஞ்சின்தான் எப்போதும் ஜெயிக்கும், சரிதானே?

ஊருக்குள் பெரும்பாலும் ஆமாம். சின்ன எஞ்சின் மிச்சம் பிடிப்பது இப்படி: மெதுவாக ஓட்டும்போது பெட்ரோல் எஞ்சின் காற்று வழியைப் பாதி மூடிக்கொண்டுதான் ஓடுகிறது. இளநீர் ஸ்ட்ராவின் முனையை விரலால் பாதி அடைத்துக்கொண்டு உறிஞ்சிப் பாருங்கள், கன்னம் வலிக்கும். 7 லிட்டர் எஞ்சின் சிக்னல் சிக்னலாக ஊரும்போது அந்த வலியிலேயே பெட்ரோலைத் தின்கிறது. சின்ன எஞ்சினுக்கு அதே வேலைக்கு வழி நன்றாகத் திறந்திருக்கும்.

நெடுஞ்சாலையில் கணக்கு மாறலாம். அமெரிக்க அரசின் அன்றைய சோதனை எண்களில் 2 லிட்டர் எஸ்2000-க்கு நெடுஞ்சாலையில் கேலனுக்கு 26 மைல், அதாவது லிட்டருக்கு 11 கிலோமீட்டர். அதே காலத்து 5.7 லிட்டர் கார்வெட்டுக்கு 28 மைல், லிட்டருக்குக் கிட்டத்தட்ட 12. கார்வெட்டின் ஆறாவது கியர் அவ்வளவு நீளம், நூறு கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் 1,500 ஆர்பிஎம்மை ஒட்டித் தூங்கிக்கொண்டு போகும். எஸ்2000 அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் சுற்றும்.

இதில் எனக்கு உண்மையாகவே கோபம் வரும் விஷயம் ஒன்று உண்டு: இரண்டு டன்னை நெருங்கும் எஸ்யூவியில் 1.5 லிட்டர் டர்போவை வைத்து, சோதனையில் வந்த மைலேஜைக் காட்டி விற்பது. ஐரோப்பாவில் 2017 வரை இருந்த பழைய சோதனை முறையில் பூஜ்யத்திலிருந்து 50 கிலோமீட்டருக்கு வர 26 வினாடி எடுத்துக்கொள்வார்கள், சைக்கிள்காரரே முந்திப் போவார். அந்த மெதுவில் டர்போ விழிக்கவே விழிக்காது, எண் அழகாக வரும். வாங்கியவர் குடும்பத்தோடு மேடு ஏறும்போது டர்போ முழு வேகத்தில் அழுத்தும், புகை சூடு எல்லை மீறாமல் இருக்கக் கணினி கூடுதல் பெட்ரோலைத் தெளித்துக் குளிரவைக்கும், கையில் கிடைக்கும் மைலேஜ் அட்டையில் இருந்ததோடு ஒட்டாது. இலேசான காருக்குச் சின்ன டர்போ அருமையான பொருத்தம். கனமான காருக்கு, தினமும் பாரம் இழுக்கிறவருக்கு, ஓர் அளவு பெரிய எஞ்சினே நல்லது.

எது அதிக நாள் உழைக்கும்?

நன்றாகச் செய்தது உழைக்கும். இதற்கு மேல் பொதுவாகச் சொன்னால் தப்பாகிவிடும், ஆனால் எங்கே உடையும் என்று சொல்லலாம்.

சின்ன டர்போவில் கவனிக்க வேண்டியது ஆயில். டர்போவின் அச்சு நிமிடத்துக்கு லட்சத்தைத் தாண்டிச் சுழலும், அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டும். அடுத்தது கரி. பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் எஞ்சினில் இன்டேக் வால்வின் முதுகைக் கழுவப் பெட்ரோல் வராது. நண்பர் ஒருவரின் கார், 1,10,000 கிலோமீட்டர் ஓடியது, காலையில் ஸ்டார்ட் செய்ததும் உதறுகிறது என்றார். காற்றைச் சிலிண்டருக்குக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதியை, அதாவது மேனிஃபோல்டை, கழற்றி விளக்கடித்துப் பார்த்தோம். அடிப்பிடித்த பால் சட்டியைப் பார்த்திருப்பீர்கள், அதே மாதிரி கறுப்பாக, பொருபொருவென்று, வால்வின் தண்டே தெரியாத அளவுக்கு. வால்நட் கொட்டையின் ஓட்டுத் தூளை அழுத்தக் காற்றில் அடித்து ஒவ்வொரு துளையாகச் சுத்தம் செய்ய ஒரு நாள் போனது. இதற்காகவே இப்போது சில கம்பெனிகள் வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என்று இரண்டு இன்ஜெக்டர் வைக்கின்றன, டொயோட்டா அதில் முன்னோடி.

இன்னொன்று, குறைந்த ஆர்பிஎம்மில் திடீரென்று முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் நேரத்துக்கு முந்திய வெடிப்பு வந்து பிஸ்டனையே உடைக்கும். இதைத் தடுக்கத்தான் 2018-ல் எஸ்என் பிளஸ், 2020-ல் எஸ்பி என்ற ஆயில் தரங்கள் வந்தன. டப்பாவில் அந்த எழுத்தைப் பார்த்து வாங்குங்கள், மேடு வந்தால் ஒரு கியர் கீழே போங்கள்.

வி8-ஐக் குறையே இல்லாதது என்று நினைக்க வேண்டாம். மைலேஜுக்காகப் பாதி சிலிண்டரைத் தூங்கவைக்கும் அமைப்பு வந்த பிறகு அதற்கான லிஃப்டர்கள் (கேம்ஷாஃப்டுக்கும் புஷ்ராடுக்கும் நடுவில் இருப்பவை) தேய்ந்து கேம்ஷாஃப்டையும் சேர்த்துத் தின்ற எஞ்சின்களை நிறையப் பார்த்துவிட்டேன். அந்த அமைப்பு இல்லாத பழைய எளிய புஷ்ராட் வி8, ஆயில் ஒழுங்காக மாற்றினால், 3 லட்சம் கிலோமீட்டரைச் சிரமமில்லாமல் கடக்கும்.

வி8 சத்தம் ஏன் அப்படி இருக்கிறது?

எட்டு சிலிண்டரும் சம இடைவெளியில்தான் வெடிக்கின்றன, ஆனால் இடது பக்க நான்கும் வலது பக்க நான்கும் மாறிமாறி வெடிப்பதில்லை. பழைய ஷெவர்லே சிறிய பிளாக் வி8-ன் வெடிப்பு வரிசை 1-8-4-3-6-5-7-2. ஒற்றைப்படை இடது, இரட்டைப்படை வலது. அதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: இடது, வலது, வலது, இடது, வலது, இடது, இடது, வலது. ஒவ்வொரு பக்கத்துக்கும் தனிப் புகைக்குழாய் என்பதால் ஒவ்வொரு குழாயிலும் துடிப்பு ஒருமுறை நெருங்கி ஒருமுறை விலகி வரும். தவிலில் நடை மாறுவது மாதிரி ஒரு தள்ளாட்டம். அதுதான் அந்தக் குமுறல். ஃபெராரி வி8-ஓ மேலே சொன்ன எல்டி6-ஓ வேறு மாதிரி கிராங்க்ஷாஃப்ட் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) கொண்டது, இடது வலது சரியாக மாறிமாறி வரும், அதனால் குமுறாது, கீச்சென்று கிழிக்கும்.

ஸ்பீக்கர் வழியாகப் போலிச் சத்தம் போடும் டர்போ கார்கள் வந்துவிட்டன. நான் அந்த வசதியை அணைத்துவிடுவேன்.

இந்தச் சண்டையில் இப்போது யார் முன்னால்?

மெர்சிடஸ் 2022-ல் சி63 காரின் 4 லிட்டர் வி8-ஐ எடுத்துவிட்டு எம்139-ஐயும் மின்மோட்டாரையும் சேர்த்து 680 குதிரைத்திறன் கொடுத்தது, முன்பு 510. தாளில் பெரிய வெற்றி. ஆனால் பேட்டரியோடு எடை 2,100 கிலோவைத் தாண்டியது, சின்ன எஞ்சினால் மிச்சமான எடை திரும்ப வந்து ஏறிக்கொண்டது, வி8 வாங்கிப் பழகியவர்களின் மனதில் அது ஒட்டவில்லை.

டாட்ஜ் சேலஞ்சர் 2023 டிசம்பரில் கனடாவின் பிராம்ப்டன் ஆலையில் நின்றுபோனது. ராம் 1500 பிக்கப் 2025 மாடலில் 5.7 லிட்டர் ஹெமி வி8-ஐ நீக்கி, 3 லிட்டர் இரட்டை டர்போ ஆறு சிலிண்டரை வைத்தது. புதியது 420 குதிரைத்திறன், பழையது 395, டார்க்கிலும் புதியதுதான் மேலே. வாடிக்கையாளர்கள் ஏற்கவில்லை. 2025 ஜூனில் கம்பெனி தன் தவறு என்று வெளிப்படையாகச் சொல்லி 2026 மாடலுக்கு ஹெமியைத் திரும்பக் கொண்டுவந்தது, அதற்கு 1,200 டாலர் கூடுதல் விலையும் வைத்தது. சக்தி குறைந்த எஞ்சினுக்குக் கூடுதல் பணம். நான் பொறியாளனாக அந்த ஆறு சிலிண்டரைத்தான் பாராட்டுவேன், வரிசையாக ஆறு என்பது இயல்பிலேயே அதிர்வில்லாத அமைப்பு. ஆனால் கேட்டு வாங்குகிறவர்களுக்கு அறிவில்லை என்று சொல்லமாட்டேன். பதினைந்து வருடம் ஓட்டப்போகிறவருக்கு எளிய எஞ்சின் மேல் நம்பிக்கை இருப்பதில் என்ன தப்பு?

ஊரில் 1 லிட்டர் டர்போ வாங்கலாமா, டர்போ இல்லாத 1.5 வாங்கலாமா?

இந்தியாவிலும் இதே வரிக்கதைதான். நான்கு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்குள் எஞ்சின் இருந்தால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம், தாண்டினால் 40. அதனால்தான் 998, 999, 1,199 என்று எண்கள் கோட்டை ஒட்டி வந்து நிற்கின்றன. மறைமலை நகரில் செய்த ஈகோஸ்போர்ட் 2013-லேயே 1 லிட்டர் மூன்று சிலிண்டர் டர்போவில் 125 குதிரைத்திறனோடு வந்தது, அன்றைக்கு அது பெரிய புதுமை.

நெடுஞ்சாலை அதிகம், காரில் இரண்டு மூன்று பேர் என்றால் டர்போ சந்தோஷம் தரும், ஊட்டி மாதிரி 2,200 மீட்டரை ஒட்டிய உயரத்தில் காற்று மெலிந்தாலும் டர்போ ஈடுகட்டிவிடும், மற்ற எஞ்சின் ஐந்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். ஆனால் கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவிலும் ஐந்து பேரோடு இரண்டாவது கியரில் 1,200 ஆர்பிஎம்மில் திரும்பும்போது டர்போ தூங்கும், முதல் கியருக்குத் தயங்காமல் போங்கள். டெஸ்ட் டிரைவில் காலியான காரை ஓட்டி முடிவெடுக்காதீர்கள், வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு மேம்பாலத்திலாவது ஏற்றிப் பாருங்கள்.

மஸில் காரைப் பக்கத்தில் பார்த்ததே இல்லை, எங்கே பார்க்கலாம்?

டெட்ராய்ட் வந்தால் ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை உட்வர்ட் சாலைக்கு வாருங்கள். 1995 முதல் நடக்கும் ஊர்வலம், போன்டியாக் ஊர் வரைக்கும் வழியெல்லாம் கார். சனிக்கிழமை நெரிசலில் எதுவும் நகராது, நான் முந்திய புதன் வியாழன் சாயங்காலம் போவேன். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர், வார்ப்பாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், தன் 1970 காரை அந்த வாரம் மட்டும் வெளியே எடுப்பார். ஒருமுறை பானெட்டைத் திறந்து என் கையைப் பிடித்து ஃபெண்டர் மேல் வைத்துவிட்டு உள்ளே போய் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று தட்டினார். கார் நின்ற இடத்திலேயே ஒரு பக்கமாகச் சாய்ந்து, என் உள்ளங்கைக்குக் கீழே இரும்பு நகர்ந்து, திரும்ப வந்து நின்றது. கியரில்கூட இல்லை. என் மகள் அவளுடைய கையையும் வைக்க வேண்டும் என்றாள், அவர் இன்னொரு முறை தட்டினார்.

மடக்கு நாற்காலி எடுத்து வாருங்கள், குழந்தைகளுக்குக் காதுமூடியும்.